மாறுதல் மாணவர் மகிழ்வு மையம்

ஊருக்கு ஒரு பல்கலைக்கழகம் இருந்தால் அது கெட்டுப்போகும், இரண்டு இருந்தால் ஒன்றைப் பார்த்து இன்னொன்று திருந்தும் என்று எந்தக் காலத்திலோ ஒரு மந்திரிக்குத் தோன்றிவிட்டது. அவருக்குத் தோன்றினால் போதாதா? சரிவுச் சாலையில் இருந்த ஒரே அரசுப் பல்கலைக்கழகத்தை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தார்கள். மேட்டில் இருந்த பாதி மேலப் பல்கலைக்கழகம் ஆயிற்று, பள்ளத்தில் இருந்த பாதி கீழப் பல்கலைக்கழகம் ஆயிற்று. நூலகம் மேலே போனது, நூலகர் கீழே போனார். ஆய்வுக்கூடம் கீழே கிடைத்தது, அதன் சாவிக்கொத்து மேலே சிக்கிக்கொண்டது. பிரித்துப் பதினாறு வருடம் ஆகிறது. ஒன்றைப் பார்த்து ஒன்று திருந்தியதாக இதுவரை தகவல் இல்லை.

வேறு ஒரு கல்லூரியில் பாதிப் படிப்பை முடித்துவிட்டு மீதிக்கு வருகிறவர்களை மாறுதல் மாணவர்கள் என்பார்கள். இவர்களுக்காகவே தேர்வுச் சுதந்திரச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். அதன்படி மாறுதல் மாணவர் இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டின் முடிவும் கைக்கு வந்த பிறகு, சுதந்திரமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பித்தால் அது தேர்வு ஆகாது, வெறும் ஆசைதான் என்று சட்டத்தின் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறது.

இந்தச் சுதந்திரத்தில் வந்து மாட்டிக்கொண்டவள்தான் சொட்டு.

சொட்டு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. நகரத்துக் குடிநீர் நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் அவள் பதினோரு வருடமாக உதவியாளர். கண்ணாடிக் குழாயிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக நீரில் விட்டு, நிறம் மாறுகிற இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு கூடிவிட்டால் மற்றவர்கள் உத்தேசமாக ஓர் எண்ணைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவள் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். கேலியாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அவளும் அதைக் கேட்டுத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

சோதனை அவளுடையது, கையெழுத்து தலைமை வேதியியலருடையது. பட்டம் பெற்றவர் கையெழுத்துப் போட்டால்தான் அறிக்கை செல்லும். அவர் அறிக்கையைப் படித்து யாரும் பார்த்ததில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "எங்க போடணும்?" என்று மட்டும் கேட்பார். அதில் ஒன்றும் கெடுதல் இல்லை என்றுதான் சொட்டு பத்து வருடம் நினைத்திருந்தாள்.

போன வருடம் ஒரு காலையில் நீரில் குளோரின் அநியாயத்துக்குக் குறைந்திருந்தது. மூன்று முறை சோதித்தாள், மூன்று முறையும் அதே எண். வால்வை மூடச் சொன்னாள். வால்வுக்காரர், வேதியியலர் கையெழுத்திட்ட அறிக்கையைக் கேட்டார். தலைமை வேதியியலர் உறவுக்காரர் கல்யாணத்தில் இருந்தார், போனை எடுக்கவில்லை. ஐந்து மணி நேரம் அந்த நீர் குழாய்களில் போய்க்கொண்டே இருந்தது. மறுநாள் ஒரே தெருவில் பதினேழு குழந்தைகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதில் ஒருத்தி அவள் மகளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள். எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள். சொட்டுக்குத்தான் அதற்குப் பிறகு தூக்கம் சரியாக வரவில்லை. அந்தக் கையெழுத்து தன்னிடம் இருந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தாள்.

பாதி வழி ஏற்கெனவே வந்திருந்தாள். மாலைநேரக் கல்லூரியில் இரண்டு வருடப் படிப்பை முடித்திருந்தாள். அங்கே அவ்வளவுதான் உண்டு. மிச்சம் இரண்டு வருடத்துக்குப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர வேண்டும். படித்து முடித்த பாடங்களுக்கு ஐந்து வருடம்தான் ஆயுள். மாமியார் படுக்கையில் விழுந்தது, மகள், வேலை என்று நாலு வருடம் பத்து மாதம் ஓடிவிட்டது. இன்னும் இரண்டு மாதத்துக்குள் சேராவிட்டால் படித்ததெல்லாம் படிக்காதது ஆகி, முதலாம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும். தலைமை வேதியியலர் மூன்று வருடத்தில் ஓய்வு பெறுகிறார். இப்போது சேர்ந்தால் அவர் போகும்போது இவள் கையில் பட்டம் இருக்கும். விட்டால் வேறு யாரோ வந்து "எங்க போடணும்?" என்று கேட்பார்கள்.

முதலில் மேலப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். 'மாறுதல் மாணவர் மகிழ்வு மையம்' என்று பெரிய பலகை. அதற்குக் கீழே 'உங்கள் தேர்வு, உங்கள் உரிமை'. உள்ளே ஒரு நீண்ட அறை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் ஒரு அதிகாரி. டோக்கன் கொடுக்கும் இயந்திரம் ஒன்று நின்றது. பொத்தானை அழுத்தினாள், ஒன்று என்று வந்தது. சுவரில் இருந்த விளக்குப் பலகை பூஜ்யம் காட்டியது.

ஒரு மணி நேரம் நின்றாள். அறையில் வேறு ஒரு ஈ காக்கை இல்லை. கடைசியில் ஜன்னலுக்குப் போனாள்.

"சார், என்னைக் கூப்பிடவே இல்லையே."

"நம்பர் நகரலையேம்மா."

"எப்ப சார் நகரும்?"

"உங்களுக்கு முன்னாடி இருக்கிறவங்க முடிச்சாங்கன்னா நகரும்."

"எனக்கு முன்னாடி யாருமே இல்லையே சார்."

"அதான் நகரல," என்றார் அவர். நல்ல மனிதர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் இறங்கி வந்தார். "இன்னொரு டோக்கன் எடுங்க. ஒண்ணாம் நம்பர் வரலைன்னு எழுதிட்டு ரெண்டாம் நம்பரக் கூப்பிடறேன்."

அப்படித்தான் அவள் உள்ளே போனாள். ஒன்றாம் எண்ணுக்குரிய நபர் வராமல் போனது பற்றி அவர் ஒரு குறிப்பும் எழுதி வைத்தார். மூன்று முறை வராமல் போனால் அந்த நபரின் விண்ணப்பம் தள்ளுபடி ஆகும் என்றும் சொன்னார்.

விண்ணப்பத்தைப் புரட்டினார். "எல்லாம் சரியா இருக்கு. கீழயும் விண்ணப்பிச்சிருக்கீங்கன்னு அங்க இருக்கிற அதிகாரி ஒரு கடிதம் குடுக்கணும். அது வந்தாத்தான் நான் இதத் தொடுவேன்." கீழ என்று சொல்லும்போது அவர் மூக்கு லேசாகச் சுருங்கியது. "அவங்க வேகம் எப்படின்னு நான் சொல்ல மாட்டேன். சொல்றது நாகரிகம் இல்ல."

மதியத்துக்கு மேல் சரிவில் இறங்கிக் கீழப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். அதே பலகை, அதே இயந்திரம். ஜன்னலுக்குப் பின்னால் அதே மனிதர்.

மூக்குக்கண்ணாடி மட்டும் வேறு. காலையில் கறுப்புச் சட்டம், இப்போது தங்க நிறம். சட்டைப் பையில் வேறு அடையாள அட்டை.

"சார், நீங்க..."

"வாங்கம்மா, முதல் தடவையா வர்றீங்களா?" என்றார் அவர்.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். ஆள் பற்றாக்குறையால் ஒரே அதிகாரியை முற்பகலில் மேலேயும் பிற்பகலில் கீழேயும் போட்டிருந்தார்கள். கடைநிலை ஊழியர்கள் அவருக்கு இருவேளை என்று பெயர் வைத்திருந்தார்கள். சொட்டுக்கு முதலில் சந்தோஷமாகவே இருந்தது. ஒரே ஆள் என்றால் வேலை சுளுவாக முடியும் என்று நினைத்தாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

"மேல ஒரு கடிதம் கேட்டீங்களே சார், அத இப்ப நீங்களே..."

"நான் கேக்கலம்மா. மேல இருக்கிற அதிகாரி கேட்டிருப்பாரு. அவரு எழுத்துமூலமாக் கேக்கட்டும், நான் பதில் போடறேன்."

"அவரு நீங்கதானே சார்?"

இருவேளை பேனாவை மூடினார். "பதவிய ஆளோட குழப்பிக்காதீங்க. அந்த வித்தியாசம் தெரியலைன்னா நிர்வாகமே நடக்காது."

மறுநாள் காலை மேலே உட்கார்ந்து கீழே இருக்கும் தனக்குக் கடிதம் எழுதினார். அது சுவருக்கு அந்தப் பக்கம் போவதற்காக ஊரின் தலைமை அஞ்சலகம் வரை போய் நாலாம் நாள் வந்து சேர்ந்தது. அதைப் பிரித்துப் படித்த பிற்பகல் இருவேளைக்குக் கோபம் வந்துவிட்டது. "எழுதியிருக்கிற தொனியப் பாருங்க. 'உடனடியாக அனுப்புக' வாம். நான் என்ன அவருக்கு வேலைக்காரனா?" என்று சொட்டிடமே காட்டினார். பதில் போட வேண்டுமென்றே ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். பதில் மேலே போனதும் காலை இருவேளை அதைப் படித்துவிட்டு, "நான் சொன்னேன்ல, அவங்க வேகம் அப்படித்தான்," என்றார்.

இப்படியே நாலு கடிதம் போய் வந்ததில் மூன்று வாரம் காலி. அவள் அரை நாள் விடுப்புகள் எல்லாம் தீர்ந்து, மதிய இடைவேளையில் ஓடி வர ஆரம்பித்தாள்.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவனுக்கு இதில் ஒரு வேடிக்கை கிடைத்தது. "மேலயும் கீழயும் போயிட்டு வர்றது என் பொழப்பு. நீ எதுக்கும்மா அதுல போட்டிக்கு வர்றே?" என்பான்.

"உங்க லிஃப்ட்டாவது எங்கயோ ஒரு மாடியில நிக்கும்," என்றாள் சொட்டு. அவன் அதற்கப்புறம் சிரிக்கவில்லை. மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டான்.

ஒரு மதியம் இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் இருக்கும் சுவரின் சின்னக் கதவருகே இருவேளை உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை அவர் எந்தப் பக்கமும் இல்லை. மடியில் சாப்பாட்டு டப்பா, இரண்டு கண்ணாடியும் சட்டைப் பையில். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் பாவமாக இருந்தது.

"உக்காருங்கம்மா. இப்ப நான் யாரும் இல்ல. எதுவேணா கேளுங்க."

சொட்டு படியில் உட்கார்ந்தாள். இத்தனை நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள். "உண்மையச் சொல்லுங்க சார். ரெண்டுல எது நல்லது?"

அவர் வாயில் இருந்ததை மெதுவாக மென்று விழுங்கினார். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

"என் பொண்ணு வெளியூர்ல படிக்கிறா," என்றார்.

கடிதப் போக்குவரத்து முடிந்த பிறகு மேலப் பல்கலைக்கழகத்தில் பாட ஒப்பீட்டுக் குழு கூடியது. அவள் கல்லூரியில் படித்த பாடமும் இவர்கள் நடத்தும் பாடமும் ஒன்றுதானா என்று பார்ப்பது அவர்கள் வேலை. அதற்கு முன்பு மாறுதல் மாணவர்களுக்கான வரவேற்பு விழா ஒன்று இருந்தது. அதில் கலந்துகொண்டதாக முத்திரை வாங்கினால்தான் குழு பார்க்கும். முந்நூறு நாற்காலி போட்ட அரங்கில் சொட்டு முதல் வரிசையில் தனியாக உட்கார்ந்தாள். மேடையில் பதினொரு பேர்.

துணைவேந்தர் பேசினார். "எங்களிடம் வந்த மாறுதல் மாணவர்களில் நூற்றுக்கு நூறு பேர் மனநிறைவோடு இருக்கிறார்கள் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். சென்ற ஆண்டு வந்த அந்த ஒரு மாணவரே இன்று இங்கே பேசுவதாக இருந்தது. அவர் படிப்பை விட்டுவிட்டதால் வர இயலவில்லை. எங்களைப் பொறுத்தவரை மாணவர்தான் மையம். மையத்தில் இருக்கிறவர் நகரக் கூடாது. நாங்கள்தான் அவரைச் சுற்றி வருவோம். பதினாறு ஆண்டுகளாகச் சுற்றி வந்துகொண்டே இருக்கிறோம்."

பத்துப் பேர் கை தட்டினார்கள். சொட்டு முத்திரை வாங்கிக்கொண்டு குழு அறைக்கு ஓடினாள்.

குழுவின் தலைவர் ஒரு மூத்த பேராசிரியர். அவள் கொண்டுவந்த பாடத்திட்டத்தையும் பாடப்புத்தகத்தையும் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நீர்ப் பகுப்பாய்வு. இந்தப் புத்தகத்தையா வச்சுப் படிச்சீங்க?"

"ஆமா சார். நீங்க எழுதினதுதான் சார்."

"தெரியும். அதனாலதான் கேக்கறேன். இதப் படிச்சா ஒண்ணும் தெரியாதே."

சொட்டு புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இங்க மூணாம் வருஷத்துக்கு முன்னாடி எந்தப் புத்தகம் சார் வைக்கறீங்க?"

"இதேதான். ஆனா இங்க நான் நடத்தறேன். புத்தகத்துல இல்லாததெல்லாம் வகுப்புல சொல்லுவேன். போன அஞ்சு வருஷமா வகுப்புக்குப் போக நேரம் கிடைக்கல, அது வேற விஷயம்." பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். "நாமளா முடிவு பண்ண வேண்டாம். பிறகு பக்கச்சார்புன்னு பேச்சு வரும். துறையில வேலை செய்யற நிபுணர் யாரையாவது கேட்போம். நகரத்துக் குடிநீர் ஆய்வுக்கூடத்துக்கு எழுதுங்க. நடுநிலையா இருக்கணும், அதனால விண்ணப்பதாரர் பேர மறைச்சு அனுப்புங்க."

சொட்டு வாயைத் திறந்தாள். அதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது.

நாலு நாள் கழித்துத் தபால் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. தலைமை வேதியியலர் உறையைப் பிரிக்காமலேயே அவள் மேஜையில் வைத்தார். "ஏதோ நிபுணர் கருத்துரையாம். பாத்து எழுதிக் குடு."

அவள் பிரித்தாள். பெயர் இருந்த இடத்தில் கறுப்பு மை. மற்றபடி எல்லாம் அவளுடைய பாடங்கள், அவளுடைய மதிப்பெண்கள்.

"சார், இது என்னோட ஃபைல்."

"அப்ப உனக்கு நல்லாத் தெரியுமே. சீக்கிரம் முடிச்சிடு."

"நானே என்னைப் பத்தி எழுதறது நியாயமா சார்?"

"நீ எழுதலைன்னா நான் எழுதணும்," என்றார் அவர்.

வேறு யாராவது இருந்தால் ஆகா ஓகோ என்று எழுதி, காரியத்தை முடித்திருப்பார்கள். சொட்டால் முடியவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து இரண்டு பாடத்திட்டத்தையும் வரிக்கு வரி ஒப்பிட்டாள். பதினான்கு பகுதிகளில் பதின்மூன்று ஒன்றே, கல்லூரியில் ஒரு சோதனை மட்டும் குறைவு, அதை ஒரு வாரத்தில் செய்து முடிக்கலாம் என்று எழுதினாள். தன் சாதகத்துக்கு ஓர் அடைமொழி கூடச் சேர்க்கவில்லை. இரண்டே பக்கம். தலைமை வேதியியலர் பேனாவைத் திறந்தார். "எங்க போடணும்?"

மேலப் பல்கலைக்கழகத்தின் முடிவு பத்து நாளில் வந்தது. வேகமாக வந்ததே என்று மகிழ்ந்து, சமையலறையில் நின்றபடியே பிரித்தாள்.

'நிபுணர் வழங்கிய கருத்துரை அதன் தெளிவாலும் ஆழத்தாலும் துல்லியத்தாலும் குழுவினரை வியப்பில் ஆழ்த்தியது. இத்தகைய கருத்துரை, நான்காண்டுப் பட்டப்படிப்பை முழுமையாக முடித்த ஒருவருக்கே கைகூடும் என்பது குழுவின் ஒருமித்த கருத்து. இதன் தரத்தோடு விண்ணப்பதாரரின் ஈராண்டுக் கல்வியை ஒப்பிட்டு நோக்குகையில், அவர் இந்நிலையை எட்டுவது இயலாது என்பது ஐயமின்றிப் புலனாகிறது. எனவே அவரை மூன்றாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ள இயலவில்லை. தங்கள் தேர்வுச் சுதந்திரத்துக்கு எங்கள் வாழ்த்துகள்.'

இரண்டு முறை படித்தாள். கணவன் வாங்கிப் படித்தான்.

"அப்ப உன்ன விட நீ ரொம்பப் புத்திசாலின்னு சொல்றாங்களா?" என்றான்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்துத்தான் சொன்னான். சொட்டு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட ஆத்திரம். அதையும் நேர்மையாக, சலித்து, கட்டியில்லாத மண்ணாகப் பார்த்துப் போட்டுக்கொண்டாளே. பதினோரு வருடம் ஒரு எண்ணைக் கூடப் பொய்யாக எழுதாததற்கு இதுதான் மரியாதையா என்று நெஞ்சு எரிந்தது.

மறுநாள் காலை ஜன்னலில் நின்றாள். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"சார், அந்தக் கருத்துரையை எழுதினதே நான்தான்."

கறுப்புச் சட்டக் கண்ணாடி இருவேளை அவசரமாக அக்கம்பக்கம் பார்த்தார். "அத வெளியில சொல்லாதீங்கம்மா. நீங்க எழுதினதுன்னா அது செல்லாது. செல்லாதுன்னா கருத்துரையே வரலைன்னு ஆகும். வரலைன்னா மறுபடி நிபுணரைக் கேக்கணும். யாரக் கேப்போம்? உங்க ஆபீசத்தான். மறுபடி யாரு எழுதுவா?"

"நான்தான்."

"பாத்தீங்களா," என்றார் அவர். "விதிப்படி எல்லாம் சரியாத்தான் நடந்திருக்கு."

இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்றே கீழப் பல்கலைக்கழகத்தின் குழுவும் அதே ஆய்வுக்கூடத்துக்கு அதே மாதிரி கடிதம் அனுப்பியிருந்தது. மேலே செய்ததைக் கீழே செய்யாமல் இருந்தால் பின்தங்கிவிட்டதாகப் பேச்சு வரும் அல்லவா? பெயர் இருந்த இடத்தில் இவர்கள் நீல மை அடித்திருந்தார்கள். தலைமை வேதியியலர் உறையை அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

சொட்டு உறையைப் பிரித்தாள். பழைய கருத்துரையின் நகல் இழுப்பறையில் இருந்தது. அதைத் தொடவில்லை. வரவேற்பு விழாவில் கொடுத்த கையேட்டையும், இரண்டு மாதமாக இரண்டு பக்கமிருந்தும் வந்த கடிதங்களையும் எடுத்துப் பரப்பி வைத்தாள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

'நீர் என்பது வெறும் பொருளன்று. அது ஒரு பார்வை' என்று தொடங்கினாள். 'நீரைப் பற்றிய கல்வி நீரைப் பற்றியது மட்டுமன்று. கல்வியைப் பற்றியதும் ஆகும். பன்முகத் தெளிவை நோக்கிய ஒருங்கிணைந்த பயணத்தில் இவ்விரு பாடங்களும் இணைந்தும் தனித்தும், தனித்தவாறே இணைந்தும் விளங்குவதை மையத்தில் நின்று நோக்குவார் எவரும் உணர்வர்.' இப்படியே ஏழு பக்கம். ஓர் எண் கிடையாது. நாலாம் பக்கத்தில் கை தவறி ஓர் உண்மை வந்துவிட்டது. படித்துப் பார்த்தவள் அதை அடித்தாள். ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டு, கழிவறைக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"எங்க போடணும்?" என்றார் தலைமை வேதியியலர்.

"எங்க வேணா போடுங்க சார்," என்றாள்.

கீழப் பல்கலைக்கழகத்தின் முடிவு வந்தபோது ஐந்து வருடம் முடிய ஒரே ஒரு நாள் மிச்சம் இருந்தது. 'நிபுணரின் கருத்துரை குழுவினரிடையே மூன்று அமர்வுகளுக்கு நீண்ட ஆழ்ந்த விவாதத்தைத் தூண்டியது. அதன் முழுப் பொருளையும் உள்வாங்க மேலும் காலம் தேவைப்படும். எனினும் விண்ணப்பதாரரின் கல்வி இக்கருத்துரையின் தரத்துக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று எனக் குழு உறுதியாகக் கருதுகிறது. எனவே அவரை மூன்றாம் ஆண்டில் மகிழ்வோடு சேர்த்துக்கொள்கிறோம்.' பட்டமளிப்பு விழா உரையில் பயன்படுத்த அதிலிருந்து இரண்டு வரிகளைத் துணைவேந்தர் குறித்து வைத்திருப்பதாகவும் அடிக்குறிப்பு சொன்னது.

கணவன் கடிதத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். மகள் குதித்தாள். சொட்டுக்கும் சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் கோபம் வழியை மறித்துக்கொண்டு நின்றது. அவள் ஒழுங்காகச் செய்த வேலைக்குக் கதவு சாத்தப்பட்டது. வாழ்நாளில் செய்த ஒரே மோசமான வேலைக்குத் திறந்திருக்கிறது. திறந்திருக்கும் கதவு வழியாகப் போகத்தான் வேண்டும், வேறு வழி கிடையாது.

கடைசி நாள் பிற்பகல் நாலரை மணிக்குக் கீழே போய் நின்றாள். தங்கக் கண்ணாடி இருவேளை எழுந்து நின்று கை கொடுத்தார்.

"எனக்கு அப்பவே தெரியும். மேல போயிருந்தீங்கன்னா கஷ்டப்பட்டிருப்பீங்க. அங்க ஒரு ஆள் இருக்காரு, காலையில. எதுக்கும் அசைய மாட்டாரு." ஒரு படிவத்தை நகர்த்தினார். "இது மட்டும் பாக்கி. ரெண்டுல இதத் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணம். ஐம்பது வார்த்தைக்குக் குறையக் கூடாது."

"மேல எனக்கு இடமே குடுக்கலையே சார். இதுல நான் எங்க தேர்ந்தெடுத்தேன்?"

"ஒண்ணுதான் கிடைச்சாலும் ரெண்டுலேர்ந்து எடுத்தாத்தான் அது சுதந்திரம். எழுதுங்க, அஞ்சு மணிக்கு மூடிடுவோம்."

சொட்டு பேனாவை எடுத்தாள். இரண்டு மாதம் சேர்த்து வைத்த ஆத்திரத்தில் ஒன்றையும் ஒளிக்கவில்லை. 'மேலப் பல்கலைக்கழகத்தில் நான் எழுதியது அவர்களுக்குப் புரிந்தது. அதனால் வேண்டாம் என்றார்கள். கீழப் பல்கலைக்கழகத்தில் நான் எழுதியது எனக்கே புரியவில்லை. அதனால் எடுத்துக்கொண்டார்கள். இரண்டில் இதை நான் தேர்ந்தெடுக்கவில்லை.' எழுதிவிட்டுப் படிவத்தை அவர் முன்னால் தள்ளினாள். சேர்க்கையை ரத்து செய்தாலும் செய்யட்டும் என்று அந்த ஒரு நிமிடம் உண்மையாகவே நினைத்தாள்.

இருவேளை பேனா முனையால் ஒவ்வொரு வார்த்தையாகத் தொட்டுக்கொண்டே போனார். உதடுகள் அசைந்தன. கடைசி வார்த்தையைத் தொட்டதும் அவர் நிமிர்ந்தார்.

"இருபத்தொண்ணுதான் வருதும்மா. இன்னும் இருபத்தொன்பது வேணும்."

"படிச்சீங்களா சார்?"

"எண்ணினேன்," என்றார் அவர். "நல்லாத்தான் இருக்கு. இதே மாதிரி இன்னும் கொஞ்சம் சேருங்க."

மணி நாலு ஐம்பது. அவள் படிவத்தை வாங்கி, பன்முகத் தெளிவு, ஒருங்கிணைந்த பயணம் என்று கை போன போக்கில் நாலு வரி சேர்த்தாள். அவர் மறுபடி எண்ணி, முத்திரை குத்தினார். படிவத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டினார்.

"மகிழ்வு மையம்ல, இதையும் கேக்கணும். சந்தோஷமா இருக்கீங்களா? டிக் பண்ணுங்க."

கட்டம் ஒன்றுதான் இருந்தது. பக்கத்தில் 'ஆம்' என்று அச்சடித்திருந்தார்கள். 'இல்லை' என்பதற்கு இடம் விடவில்லை. இன்னும் இரண்டு வருடம், அதற்குப் பிறகு நான் சொன்னால் அந்த வால்வை மூடுவார்கள் என்று சொட்டு தனக்குள் சொல்லிக்கொண்டாள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாகத் தன் பெயரில் ஒரு தவறான பதிவைச் செய்துவிட்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.